பாண்டியில் மலிவான உணவகம் கண்டறியப்பட்ட வரலாறு

கடலைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு மத்தியானம் பசிக்கும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அரசாங்கமே இதைத் தானாகக் கண்டுபிடித்து, ஆணையாகவும் போட்டது என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆணை இதுதான். கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் படிக்கும் வளரிளம் பருவத்தினரை ஒரு நாள் கடற்கரை நகரத்துக்கு அழைத்துச் சென்று கடலைக் காட்ட வேண்டும். அதற்கு முன்பாக, மேற்படி நகரில் வளரிளம் பருவத்தினரின் ரசனைக்கு உகந்ததும், மலிவானதும், தரமானதுமான உணவகம் ஒன்றை அடையாளம் காண வேண்டும். உணவகம் அடையாளம் காணப்படும் வரை கடல் காட்டப்படலாகாது.

ஆணை ஜூன் மாதம் வந்தது. கடல் காத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளும் காத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் பரீட்சை இல்லை, பிள்ளைகளுக்கு இருந்தது. அதுதான் கவலை.

எங்கள் பள்ளிக்கூடம் வடக்கனந்தலுக்குப் பக்கத்தில், மலை ஏறும் ரோட்டில் இருக்கிறது. அதன் குழுவில் நான் பெற்றோர் பிரதிநிதி. என் மகனும் மகளும் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். "எம் பேர எடுத்துடுங்க" என்று பலமுறை சொன்னேன். "பெத்தவ எப்பவும் பெத்தவதானம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

குழுவில் நான் இருப்பது தெரிந்து அமிர்தம் ஒரு நாள் கரும்புக் கொல்லையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். அவள் மகள் தேவதர்ஷினி பன்னிரண்டாவது படிக்கிறது.

"ராஜாம்பா அக்கா, எம் பொண்ணு இந்த வருசத்தோட படிப்ப முடிக்குது. இப்ப உட்டா அத்த யாரு கடலுக்கு இட்டுக்கினு போவாங்க? எப்டியாவது கூட்டிக்கினு போயிடு. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அது பசி தாங்காது. வயித்துக்கு மட்டும் எதனா போட்டுடு."

"நான் இருக்கேன் அமிர்தம்" என்றேன்.

பெரிய வார்த்தை. சாமிமேல் பாரத்தைப் போட்டுச் சொன்னேன். சாமி அந்த நேரம் பார்த்து அந்தப் பாரத்தை அலுவலகத்தின்மேல் போட்டுவிட்டது.

அந்த அலுவலகத்துக்கு 'மலிவு உணவக அடையாளப் பிரிவு' என்று பெயர். அதன் அலுவலர் இளஞ்செழியன் சார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வதைத் தவிர. பேசுவதும் ஆணை படிப்பது மாதிரியே இருக்கும்.

முதல் கூட்டத்தில் விளையாட்டு வாத்தியார் வெங்கடேசன் ஆரம்பித்தார். "சார், பசங்களுக்கு இட்லியும் சாம்பார் சோறும் போட்டா போதும் சார். ஆளுக்கு நாலு தட்டு துன்னும். ஜாஸ்தி செலவு ஆவாது."

"அது பழைய தலைமுறை" என்றார் இளஞ்செழியன் சார். "இன்றைய வளரிளம் பருவத்தினர் சாப்பிடுவதற்காக உணவகம் செல்வதில்லை. அனுபவத்துக்காகச் செல்கிறார்கள். ஆயிரம் ரீல்ஸ் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு வைப் வேண்டும்."

"அது இன்னாங்க சார்?" என்று நான் கேட்டேன்.

"சுவர் மஞ்சளாக இருக்க வேண்டும். கூரையிலிருந்து பல்புகள் தொங்க வேண்டும். சைக்கிள் இருந்தால் மிகவும் நல்லது."

"சைக்கிள்ல போயி சாப்டணுங்களா?"

"இல்லையம்மா. அது சுவரில் மாட்டப்பட்டிருக்க வேண்டும்."

வெங்கடேசன் வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் ஜீப்பில் பாண்டிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் ஒரு அம்மா இட்லி வார்த்துக்கொண்டிருந்தது. ஆவி பறக்கிற இட்லி. தொட்டுக்க வடைகறி. காலேஜ் பிள்ளைகள் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றுலாவுக்கு வந்த பையன்கள் நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கொடுத்த காசில் மீதி வாங்கிப் பையில் போட்டார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது.

"அம்மா, உங்கள் உணவகம் மலிவானதா?" என்று கேட்டார் சார்.

"துன்னு பாரு."

"ரசீது கொடுப்பீர்களா?"

"தட்டு கழுவவே ஆளு இல்ல, ரசீது எழுத ஆளு வைக்கணுமா? நகுரு சாமி, வழிய மறைக்காத."

ஜீப்பில் ஏறியதும் சார் நிலைமையை விளக்கினார். ஒரு கடை மலிவானது என்பதற்கு ரசீதுதான் ஆதாரம். ரசீது இல்லாத கடை மலிவானது என்று சொல்ல முடியாது. ரசீது கொடுக்கிற கடைகளில் விசாரித்தோம். அவை மலிவாக இல்லை. ஆகவே கடற்கரை நகரில் மலிவான உணவகம் என்ற ஒன்று கிடையாது என்பது மத்தியானத்துக்குள் நிரூபணமாகிவிட்டது.

எனக்கு அமிர்தத்தின் முகம் நினைவுக்கு வந்தது. "சார், இங்க கோயில்ல அன்னதானம் போடறாங்களே" என்றேன்.

"விலை?"

"சும்மாதாங்க."

சாருக்கு முகம் மலர்ந்தது. சுழியத்தைவிட மலிவு ஏது? ஆனால் அடுத்த நிமிஷமே வாடிவிட்டது. "விதிப்படி மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். மற்ற இரண்டு கோயில்களிலும் சும்மாவே போட்டால் மூன்றும் சமமாகிவிடும். குறைந்த விலைப்புள்ளி எதுவென்று எப்படி முடிவு செய்வது? ஒரு கோயிலாவது காசு வாங்கினால் நன்றாக இருக்கும்."

சாமி மன்னிக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கடைசியில், கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் அந்தக் கடை கண்ணில் பட்டது. மஞ்சள் சுவர். தொங்குகிற பல்பு. சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஒரு சைக்கிள், சங்கிலி இல்லாமல். அதே மாதிரி சைக்கிளில்தான் என் வீட்டுக்காரர் மாட்டுக்குப் புல் கட்டிக்கொண்டு வருகிறார். அதன் அருமை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

சார் 'மலைச் சாமை பௌல்' என்று ஒன்று வாங்கினார். வெள்ளைக் கிண்ணத்தில் வந்தது. எங்கள் பூசை அறையில் திருநீறு வைக்கிற கிண்ணம் அளவு இருக்கும். உள்ளே சாமைச் சோறு, மேலே இரண்டு மாதுளை முத்து, ஒரு புதினா இலை.

"தம்பி, இந்தச் சாமை எங்கேயிருந்து வருது?" என்று பரிமாறின பையனைக் கேட்டேன்.

"கல்வராயன் ஹில்ஸ், மேம். ஆர்கானிக்."

எங்கள் மலைமேல் கரியாலூரில் இதைக் களி கிண்டித் தின்கிற வீடுகள் இருக்கின்றன. விருந்தாளி வந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு பானையை மூடி வைப்பார்கள். மலைப் பிள்ளைகளை மலையிலிருந்து இறக்கி, கடல்வரை கூட்டி வந்து, மலைச் சாமையைக் காட்டுவதற்கு ஒரு ஏற்பாடு நடக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

விலையைக் கேட்டதும் வெங்கடேசன் வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "சார், ஒரு புள்ளைக்கி கவர்மெண்டு குடுக்கறது இதுல கால்வாசிகூட வராது சார்."

"உட்காருங்கள். இதில் இருவர் பகிர்ந்து உண்ணலாம் என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது. இருவர் பகிர்ந்தால் பாதி விலை. எட்டுப் பேர் பகிர்ந்தால் மலிவு."

"அப்ப சும்மா பாத்துக்கினு இருந்தா ஃப்ரீயா சார்?" என்று வாத்தியார் வேடிக்கையாகத்தான் கேட்டார்.

சார் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

சுவரில் சைக்கிள் உள்ள உணவகம் அந்த வட்டாரத்தில் வேறு இல்லை. ஒப்பிட வேறு ஒன்று இல்லாத பொருளுக்கு மூன்று விலைப்புள்ளி தேவையில்லை என்று விதி இருக்கிறதாம். அந்தக் கடை அடையாளம் காணப்பட்டது.

தை மாதம் ஒரு சனிக்கிழமை விடியறதுக்கு முன்னால் பஸ் கிளம்பியது. அமிர்தம் எழுந்து புளிசோறு கிளறி, வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பஸ் வாசலிலேயே இளஞ்செழியன் சார் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளி உணவுக்கு அனுமதி இல்லையாம்.

"வூட்டு சோறுங்க சார் இது."

"வீட்டிலிருந்து வந்தால் அது வெளி உணவுதானம்மா."

அமிர்தம் என்னைப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

கடலைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி அப்படியே நின்றார்கள். தேவதர்ஷினி மட்டும் மெதுவாகப் போய், குனிந்து, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தது. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக அந்தச் சாரை எத்தனை ஜீப் பயணத்துக்கும் மன்னிக்கலாம் என்று அந்த நேரம் நினைத்தேன்.

மத்தியானம் எல்லோரும் அந்தக் கடை வாசலில் வரிசையாக நின்றோம். அப்போதுதான் தெரிந்தது, ஆணையில் இன்னொரு பத்தி இருக்கிறது என்று. அரசு உணவு வீணாகக் கூடாது. ஆகவே பசித்தவர்களுக்கு மட்டுமே உணவு. இதற்குப் 'பசி சரிபார்ப்பு' என்று பெயர்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெளியார் யாராவது "சாப்ட்டியா?" என்று கேட்டால், "ஆச்சுங்க" என்று சொல்ல வேண்டும். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் அதுதான் பதில். அந்நியர் முன்னால் பசிக்குது என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அதைப் பெற்றவளைத்தான் ஊர் பேசும். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்து இலையில் உட்கார வைப்பார்கள். அதற்கப்புறம்தான் நாங்கள் சாப்பிடுவோம், அதுவும் "கொஞ்சமா போடுங்க" என்று சொல்லிக்கொண்டே. நடக்கப் பழக்குவதற்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு இதைப் பழக்கிவிடுவோம்.

ஆணையில் ஒரு தரம் கேட்கத்தான் இடம் இருந்தது. கையைப் பிடித்து இழுக்க இடமே இல்லை.

சார் முதலில் ஆகாஷிடம் போனார். எங்கள் தெருப் பையன், ஒரு வேளைக்கு அரைப்படி அரிசி கேட்கிற உடம்பு.

"தம்பி, சாப்பிட்டாயா?"

"ஆச்சுங்க சார்."

சார் எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அதுவும் ஆச்சுங்க சார். அதற்கடுத்ததும். தேவதர்ஷினியிடம் வரும்போது அதன் வயிறு போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"சாப்பிட்டாயாம்மா?"

"ஆச்சுங்க சார்."

"எங்கே?"

"வூட்லங்க சார்."

"எப்போது?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "நேத்துங்க சார்" என்றது.

சார் யோசித்தார். சாப்பிட்டாரா, இல்லையா என்பதுதான் கேள்வி. எப்போது என்பது அவராகவே அக்கறையில் கேட்டது. ஆகவே அதை விட்டுவிட்டு, 'உண்டார்' என்று எழுதிக்கொண்டார்.

நான் அவர் பக்கத்தில் ஓடினேன். "சார், அதுங்க காலையிலேர்ந்து பச்சத் தண்ணிதான் குடிச்சிருக்குதுங்க. எங்க ஊர்ல கேட்டா அப்டித்தான் சொல்லுவோம். நீங்க இன்னும் ரெண்டு தரம் கேளுங்க சார்."

"அப்படியானால் மாணவர்கள் அரசு அலுவலரிடம் பொய் சொல்லியிருக்கிறார்களா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். "பொய்த் தகவலுக்கு நடவடிக்கை உண்டு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். பெயர்களைச் சொல்கிறீர்களா?"

நான் பின்வாங்கிப் பிள்ளைகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

இருந்தாலும் சாருக்கு மனசு கேட்கவில்லை. தன் கைக்காசில் ஒரே ஒரு பௌல் வாங்கி, "விருப்பமுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று முதல் பிள்ளையின் கையில் கொடுத்தார். அந்தப் பிள்ளை, "நீ எடுத்துக்கோ" என்று அடுத்ததிடம் கொடுத்தது. அடுத்தது, "எனக்கு வாணாம், நீ துன்னு" என்று அதற்கடுத்ததிடம். கிண்ணம் வரிசையின் கடைசிவரை போய், மாதுளை முத்து இரண்டும் புதினா இலையும் அசையாமல் அப்படியே திரும்பி வந்தது.

"பார்த்தீர்களாம்மா" என்றார் சார்.

சாயங்காலம் கடற்கரையில் ஒரு சுண்டல்காரர் வந்தார். பிள்ளைகள் கண்ணெல்லாம் கூடை போகிற பக்கமே போனது. நான் கேட்காமல் கொள்ளாமல் வாங்கிக் கையில் திணித்துவிடலாம் என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

"அங்கீகரிக்கப்படாத உணவகம்" என்றது பின்னாலிருந்து சாரின் குரல்.

"கூடைங்க சார் அது!"

"இருக்கை வசதியற்ற உணவகம்."

மறுநாள் காலையில் அமிர்தம் வந்தாள். வாசல்படி ஏறவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"நல்லா போட்டக்கா சோறு. கடல் எப்டிடி இருந்துச்சின்னு கேட்டா, 'உப்பு கரெக்டா இருந்துச்சிம்மா, சோறுதான் இல்ல'ன்னு சொல்லுது எம் பொண்ணு. வந்ததும் வராததுமா ஒரு குண்டான் சோறு துன்னுட்டு சுருண்டு படுத்துக்கிச்சி."

நான் நடந்ததைச் சொன்னேன். "அது பின்ன, கேட்டா அப்டித்தான சொல்லும்? எம் பொண்ண அப்டித்தான வளத்திருக்கேன்!" என்றாள் அமிர்தம். அந்தக் கோபத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்த மாதமே செய்தி வந்துவிட்டது. கடற்கரை நகரிலேயே மிக மலிவான உணவகத்தை எங்கள் மாவட்டம் கண்டறிந்துவிட்டதாம். நபர் ஒருவருக்கு உணவுச் செலவு சுழியம். இளஞ்செழியன் சாருக்குப் பாராட்டு. அடுத்து வரும் எல்லாப் பயணங்களுக்கும் அதே உணவகம், அதே நடைமுறை. அமிர்தத்தின் சின்னப் பையன் அப்போது பத்தாவது. அடுத்தது அவன் முறை.

"இத்த உடக் கூடாது" என்று அமிர்தம் கிளம்பினாள். பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, விடியற்காலை முதல் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். அடுப்பு மூட்ட யாருக்கும் நேரமில்லை. பஸ் முழுக்க அமிர்தம் ஒத்திகை பார்த்தாள். "இன்னாங்க, எங்க புள்ளைங்க வயித்தக் காயப் போட்டு நீங்க மாலை வாங்கிக்கிறீங்களான்னு நேராவே கேப்பேன். எனக்கின்னா பயம்?"

அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தோம். மணி இரண்டுக்கு மேல் ஆனபிறகு உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய அலுவலர் சுபஸ்ரீ மேடம் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டு எழுந்தே நின்றார். தங்கமான மனுஷி. இளஞ்செழியன் சார் ஓரமாக நின்றிருந்தார்.

"வாங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்களே, எல்லாரும் சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்கம்மா" என்றோம்.

எல்லோரும் ஒரே நேரத்தில்தான் சொன்னோம். அமிர்தத்தின் குரல்தான் முந்திக்கொண்டு வந்தது.

"சரி, சொல்லுங்க. என்ன விஷயம்?"

அமிர்தம் சொன்னாள். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே சொன்னாள். பிள்ளைகள் பட்டினி கிடந்ததை, கிண்ணம் சுற்றி வந்ததை, எல்லாவற்றையும். "அதுங்க ஆச்சுன்னு சொன்னது நெசம் இல்லங்கம்மா. யாரு கேட்டாலும் நாங்க அப்டித்தாங்கம்மா சொல்லுவோம். பசியா இருந்தாலும் வாய் வராதுங்க."

மேடம் அவளையே பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துகொண்டே வந்தது என்று நினைக்கிறேன்.

"அப்படின்னா, இப்ப நீங்க சாப்ட்டாச்சுன்னு சொன்னீங்களே," என்றார் மெதுவாக, "அது?"

ஒருத்தி, ஒரே ஒருத்தி, "பசிக்குதுங்கம்மா" என்று சொன்னால் போதும். பிள்ளைகள் பக்கம் நியாயம் நின்றுவிடும். அடுத்த வருஷம் அமிர்தத்தின் பையன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்ப்பான். எல்லோரும் அமிர்தத்தைப் பார்த்தார்கள். அமிர்தம் என்னைப் பார்த்தாள். நான் மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டு வாயைத் திறந்தேன். வரவில்லை. மேடத்தின் டப்பாவிலிருந்து ரசத்தின் வாசனைதான் வந்தது.

அமிர்தம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாங்க நெசமாவே சாப்ட்டுட்டோங்கம்மா" என்றாள்.

இளஞ்செழியன் சார் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, மேடத்தின் பக்கம் குனிந்து பணிவாகச் சொன்னார்:

"மேடம், அடுத்த ஆண்டு பெற்றோரையும் அழைத்துச் செல்லலாம். கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது."